கதை கேட்க வந்தவர்கள்

என் அத்தைக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் வெகு காலமாக ஒரு பேச்சு உண்டு. கலியாண வீடுகளில் யாராவது அதைச் சொல்லி என்னைப் பாராட்டினால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மை அதுவல்ல.

1962-ஆம் வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம் எங்கள் ஊர். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்கு ஒரு வாரப் பத்திரிகை வரும். அதில் வரும் தொடர்கதையை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டியது என் பொறுப்பு. அத்தியாயத்துக்கு இரண்டு முறுக்குக் கூலி. அத்தைக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் அல்ல. ஆனால் கதாநாயகி எந்த வாரம் எந்த நிறத்தில் புடைவை உடுத்தியிருந்தாள் என்பது வரையில் அவளுக்கு மனப்பாடம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆற்று மணலில் சடுகுடுப் போட்டி. பையன்கள் வாசலில் நின்று விசிலடிக்கிறார்கள். அத்தியாயமோ அனுமார் வாலாக நீண்டுகொண்டு போகிறது. நான் பாதியில் பக்கத்தைப் புரட்டி, "அப்புறம் அவள் படகிலிருந்து ஆற்றில் விழுந்து செத்துப்போனாள்" என்று சொல்லிப் பத்திரிகையை மூடிவிட்டு ஓட்டம் பிடித்தேன். அன்றிரவு அத்தை சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

மூன்று நாள் கழித்துக் கிணற்றடியில் எதிர் வீட்டு டீச்சர் அம்மாள், "பார்த்தீர்களா, அந்தப் படகுக்காரன் எப்படி அவளைக் காப்பாற்றிவிட்டான்!" என்று பேச்சை ஆரம்பித்தாராம். அத்தை குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் டீச்சர் அம்மாள் வீட்டுத் திண்ணையில் சிலேட்டும் பலப்பமுமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் வந்த தீபாவளி மலரை அட்டை முதல் அட்டை வரை அவளே படித்தாள். நான் கற்றுக்கொடுத்த கதை இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே எங்கள் ஊர்ச் சாவடியில் ஒரு முதியோர் பள்ளி நடந்துகொண்டிருந்தது. அரிக்கேன் விளக்கு, கரும்பலகை, இலவசப் புத்தகம் எல்லாம் உண்டு. அத்தையைக் கூப்பிடத்தான் கூப்பிட்டார்கள். "இந்த வயசுக்கு மேலே எனக்கு மண்டையிலே ஏறுமா? படிப்பெல்லாம் சின்ன வயசிலே படிக்கிறது. அந்த வாத்தியாருக்குத்தான் வேறு வேலை இல்லையா, என்னைக் கட்டிக்கொண்டு அழ?" என்று மூன்று சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். இந்த மூன்று சாக்குகளையும் வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும். பூமியின் மறுபக்கத்தில் இவற்றை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

கதையின் மடியில் பாடத்தை முடிந்து அனுப்புவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளேயே நின்று பேசுவான். திடீரென்று வெளியே வந்து ஊர் நியாயமும் பேசுவான். கதாகாலட்சேபம் செய்யும் பாகவதரும் சிப்ளாக்கட்டையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஓர் உபகதை சொல்லுவார். அதில் எதிரே உட்கார்ந்திருக்கும் மிராசுதாருக்கும் ஒரு குட்டு விழும். அந்தக் காலட்சேப முறையையே எடுத்துக்கொண்டு கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ஒரு காரியம் செய்தார். நந்தனார் சரித்திரத்தை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள் அல்லவா? அவர் 'கிந்தனார்' சரித்திரத்தைச் சொன்னார். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அது இடம்பெற்றது. நந்தன் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான். பட்டணத்துக்குப் போய்ப் படித்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகச் சொந்த ஊருக்கே திரும்பி வருகிறான். கொட்டகையில் விழுந்து விழுந்து சிரித்த ஜனங்களுக்கு வீட்டுக்குப் போகிற வழியில்தான் நெஞ்சில் முள் தைத்திருக்கும்.

ஆனால் கூத்தும் காலட்சேபமும் ஓர் இரவுக் காரியம். விடிந்தால் முடிந்தது. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் ஒரு குடும்பத்தின் கதையை வீடு தேடி வந்து சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதைப் பரீட்சை பண்ணிப் பார்க்க ரேடியோவும் டெலிவிஷனும் வர வேண்டியிருந்தது.

முதலில் பார்த்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள். உலக யுத்தம் முடிந்தும் அங்கே ரேஷன் முடியவில்லை. விளைச்சலைப் பெருக்க வேண்டும். குடியானவர்களுக்குப் புது முறைகளைச் சொல்ல வேண்டும். பி.பி.சி. ரேடியோ உபந்நியாசங்களாகப் பொழிந்து பார்த்தது. குடியானவர்கள் காதில் விழவில்லை. 1948-இல் பர்மிங்ஹாமில் கூடிய ஒரு கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து, ரேடியோவில் அப்போது வந்துகொண்டிருந்த துப்பறியும் தொடர் ஒன்றின் பெயரைச் சொல்லி, விவசாயத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பி.பி.சி.யைச் சேர்ந்த காட்ஃப்ரே பேஸ்லி என்பவருக்கு அந்தப் பேச்சு மனத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தத் துப்பறியும் தொடரை எழுதிய ஆசாமிகளையே பிடித்து வந்தார். 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பான 'ஆர்ச்சர்ஸ்' நாடகம் அப்படிப் பிறந்ததுதான். ஆர்ச்சர் குடும்பம் மாடு கறக்கும், காதல் செய்யும், சண்டை போடும், நடுவே உரத்தைப் பற்றியும் விதையைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசும். 1955 செப்டம்பர் 22-ஆம் தேதி அந்தக் குடும்பத்து மருமகள் கிரேஸ், தீப்பிடித்த லாயத்திலிருந்து குதிரையைக் காப்பாற்றப் போய் இறந்தபோது நிஜமான சாவு மாதிரி தேசமே அழுதது. போட்டி டெலிவிஷன் கம்பெனி தன் ஒளிபரப்பைத் தொடங்கிய இரவும் அதுவே என்பதில் கொஞ்சம் விஷமம் இருக்கிறது, இருக்கட்டும். கிரேஸ் இறந்த செய்தி கேட்டு எங்கோ ஒரு வீட்டில் ஓர் அத்தை சாப்பிடாமல் படுத்திருப்பாள். அந்த நாடகம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது தென் அமெரிக்காவில் உள்ள பெரு தேசத்துக்குப் போவோம். 1969-இல் அங்கே 'ஸிம்ப்ளெமென்டே மரியா' என்று ஒரு டெலிவிஷன் தொடர் ஆரம்பித்தது. 'வெறும் மரியா' என்று அர்த்தம். அர்ஜென்டினாவில் ஏற்கெனவே ஓடிய கதைதான். கிராமத்துப் பெண் மரியா பிழைப்புத் தேடித் தலைநகரான லிமாவுக்கு வருகிறாள். வீட்டு வேலைக்காரியாக அமர்கிறாள். பணக்காரப் பையன் ஒருவன் ஆசை காட்டி, வயிற்றில் குழந்தையையும் கொடுத்துவிட்டுக் கைவிடுகிறான். இது வரையில் நம் ஊர்ப் படங்களில் பார்க்காதது ஒன்றும் இல்லை. இங்கே அவள் கிணற்றைத் தேடிப் போவாள். அங்கே அவள் இராப் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போனாள். எழுதப் படிக்கக் கற்றாள். தையல் இயந்திரம் ஒன்றைக் கொண்டு தைக்கக் கற்றாள். படிப்படியாக உயர்ந்து நாகரிக உடைகள் தைப்பதில் பெரிய பெயர் எடுத்துவிட்டாள். இராப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எஸ்தெபான் கதையில் வருஷக் கணக்காக அவளை மனத்துக்குள் நேசித்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் கலியாணம்.

அந்தக் கலியாணக் காட்சியை லிமாவில் ஒரு மாதா கோவிலில் படம் பிடித்தார்கள். செய்தி பரவி ஆயிரக் கணக்கான ஜனங்கள் புத்தாடை உடுத்திப் பரிசுப் பொருள்களோடு வாசலில் வந்து கூடிவிட்டார்கள். நடிகைக்குக் கலியாணம் என்று எண்ணி அவர்கள் வரவில்லை. மரியாவுக்குக் கலியாணம் என்றே வந்தார்கள்.

இதை எழுதியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் உபதேசம் பண்ணும் உத்தேசமே கிடையாது. சோப்பு விற்கிற கம்பெனிகள் விளம்பரம் கொடுக்க வேண்டும், ஜனங்கள் கண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் லிமா நகரத்து வேலைக்காரப் பெண்கள் இராப் பள்ளிக்கூடங்களிலும் தையல் வகுப்புகளிலும் போய்ச் சேர ஆரம்பித்தார்கள். தொடர் எந்தெந்த தேசத்துக்குப் போயிற்றோ அங்கெல்லாம் ஸிங்கர் தையல் இயந்திரங்களின் விற்பனை ஏறிற்று.

வியாபாரிகள் மகிழ்ந்து அதோடு விட்டார்கள். மெக்ஸிகோவில் ஒரு மனிதர் மட்டும் விடவில்லை. மிகேல் ஸபிதோ என்று பெயர். அடிப்படையில் நாடக மேடைக்காரர். பிறகு டெலிவிஷன் கம்பெனியில் தொடர்கள் தயாரித்தவர். ஒருவரும் சொல்லாமலே இத்தனை பேர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்களே, சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு ஒரு கதை பண்ணினால் எப்படியிருக்கும் என்று அவர் யோசித்தார். பிறர் செய்வதைப் பார்த்தே மனிதன் பாதி கற்றுக்கொள்கிறான் என்று அமெரிக்காவில் ஆல்பர்ட் பண்டூரா என்ற மனோதத்துவ ஆசிரியர் சோதனைகள் செய்து எழுதியிருந்தார். ஸபிதோ அதையும் படித்தார். தம் கதாபாத்திரங்களை மூன்று வரிசையாகப் பிரித்தார். முதல் வரிசை நல்லவர்கள், இரண்டாவது கெட்டவர்கள். மூன்றாவது வரிசைதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்: போகலாமா வேண்டாமா என்று வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நிற்கிறவர்கள். பார்க்கிற ஜனங்கள் உத்தமனோடு தங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அயோக்கியனோடும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தடுமாறுகிறவனைக் கண்டால்தான், "அட, இவன் நம்ம ஆள்" என்பார்கள். ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைக் கண்டுபிடிக்க நான் இருபது வருஷம் செலவழித்தேன்.

மெக்ஸிகோ சர்க்கார் அப்போது முதியோர் கல்விக்கு ஒரு பெரிய திட்டம் போட்டு, தாங்களே கூடிப் படித்துக்கொள்ளும்படி பாடப் புத்தகங்களை அச்சடித்து வைத்திருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் போதிய ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று முன்கூட்டியே விசாரித்துப் பார்த்தார்கள். ஜனங்கள் சொன்ன காரணங்கள் மூன்று: எங்களுக்கு அதற்கு மூளை இல்லை, படிப்பு சிறு வயதில் வருவது, படித்த ஒருவர் எங்களுக்காகப் பொழுதைச் செலவழிக்க நாங்கள் என்ன அவ்வளவு உசத்தியா?

இதை முதன்முதலில் ஓர் ஆராய்ச்சிப் புத்தகத்தில் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் அத்தை மெக்ஸிகோவுக்குப் போனதே கிடையாது!

1975-இல் ஸபிதோவின் 'வென் கோன்மீகோ' தொடங்கியது. 'என்னோடு வா' என்று பொருள். ஒரு வருஷத்துக்கு மேல், 280 பகுதிகள். அதில் வரும் மனிதர்கள் அந்த மூன்று சாக்குகளையும் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். சொல்லிக்கொண்டே தயங்கித் தயங்கிப் படிக்கவும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எல்லாருக்கும் தெரிந்த நடிகர் ஒருவர் வந்து, இன்ன இடத்துக்குப் போனால் புத்தகம் கிடைக்கும் என்று இரண்டு வார்த்தை சொல்வார். நம் கட்டியங்காரன்தான், வேஷம் மட்டும் வேறு. ஒரு நாள் அப்படிச் சொன்னதற்கு மறுநாள், மெக்ஸிகோ நகரத்தில் புத்தகம் கொடுக்கிற இடத்தில் ஆயிரக் கணக்கான பேர் வந்து குவிந்தார்கள். வண்டிகள் மணிக் கணக்கில் நகரவில்லை. அதற்கு முந்திய வருஷம் அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1 லட்சம். தொடர் ஓடிய வருஷத்தில் சேர்ந்தவர்கள் 8 லட்சத்துக்கு மேல். அடுத்த தொடரான 'அகோம்பான்யமே' 1977-இல் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி வந்தது. அதற்கும் பலன் இருந்தது.

சர்க்கார்களுக்கு இப்படிப்பட்ட செய்திகள் சீக்கிரம் எட்டிவிடும். 1983-இல் நம் மத்திய சர்க்காரின் ஒலிபரப்பு இலாகாக் காரியதரிசி எஸ். எஸ். கில் மெக்ஸிகோவுக்குப் போய் இந்த வித்தையை நேரில் பார்த்துவிட்டு வந்தார். அதன் பலனாக 1984 ஜூலை 7-ஆம் தேதி டில்லியிலிருந்து 'ஹம் லோக்' ஆரம்பித்தது. எழுதியவர் மனோஹர் ஷ்யாம் ஜோஷி. ஹிந்தி நாவலாசிரியர், ஆகவே நம் ஜாதி. குடிகாரத் தகப்பன் பஸேஸர் ராம், அவனிடம் வாயே திறக்காத மனைவி பாக்வந்தி, தாத்தா, பாட்டி, வேலை தேடும் மூத்த பிள்ளை, கலியாணத்துக்கு நிற்கும் மூத்த பெண் பட்கி, சினிமா மோகத்தில் பம்பாய்க்குப் போய்ச் சீரழியும் நடுப் பெண், டாக்டராக ஆசைப்படும் கடைக்குட்டி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கிழ நடிகர் அசோக் குமார் வந்து அரை நிமிஷம் சொச்சம் பேசுவார்.

ஆரம்பத்தில் தொடர் படுத்துவிட்டது. முதல் பதின்மூன்று பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு உபதேசத்தை மரக்கால் மரக்காலாக அளந்துவிட்டார்கள். ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். நல்ல வேளையாக டில்லிக்காரர்கள் அதைப் புரிந்துகொண்டு உபதேசத்தைக் குறைத்தார்கள். ஜோஷி கதையைக் கதையாக எழுத ஆரம்பித்தார். அப்புறம்தான் பிடித்தது ஓட்டம். பட்கிக்குக் கலியாணம் நடந்தபோது வட இந்தியாவில் ஜனங்கள் வாழ்த்துக் கடிதம் எழுதினார்கள். லிமா மாதா கோவில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். 1985 டிசம்பர் 17-இல் முடிவதற்குள் வந்து சேர்ந்த கடிதங்கள் சுமார் 4 லட்சமாம். ஒரு தொடர்கதைக்கு நாற்பது கடிதம் வந்தால் நாலு நாள் தூங்காமல் இருக்கிற எனக்கு இந்த எண்ணைப் படித்ததும் வயிறு எரிந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். எவரெட் ராஜர்ஸும் அர்விந்த் ஸிங்காலும் நேயர்களை விசாரித்தார்கள். கடிதங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. பாக்வந்தியைப் படைத்ததே, பெண் என்றால் இப்படி அடங்கி ஒடுங்கிக் கிடக்கக் கூடாது என்று காட்டுவதற்காக. அவள் ஓர் எச்சரிக்கைப் பலகை. ஆனால் நேயர்களில் எத்தனையோ பேர், பெண்களும்தான், பாக்வந்தியைப் போல இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்! மதிலில் 'இங்கே குதிக்காதே' என்று எழுதி வைத்தால் அதைப் படித்துவிட்டுத்தான் குதித்தார்கள். இன்னொன்று: இந்தத் தொடருக்கு விளம்பரம் கொடுத்தவர்கள் அப்போதுதான் நம் நாட்டுக்கு வந்திருந்த மாகி நூடில்ஸ்காரர்கள். குடும்பக் கட்டுப்பாடு எத்தனை வீட்டில் நுழைந்தது என்பதைப் பற்றிப் பண்டிதர்கள் வாதாடலாம். நூடில்ஸ் நுழைந்ததைப் பற்றி வாதமே இல்லை. தையல் இயந்திரத்தில் ஆரம்பித்த சரித்திரம் நூடில்ஸில் வந்து நின்றது.

இந்த வேடிக்கையில் எனக்குச் சொந்த அநுபவமும் உண்டு. நான் எழுதிய ஒரு தொடர்கதையில் மாமியாருக்குப் பயந்து பயந்தே வாழ்நாளை வீணடிக்கும் ஒரு மருமகளைப் பரிதாபத்துக்கு உரியவளாக எழுதினேன். வாசகி ஒருவர், தம் பிள்ளைக்கு இப்படி ஒரு பெண் எங்கே கிடைப்பாள் என்று கேட்டு எழுதினார். ஜாதக விவரமும் இணைத்திருந்தார்.

'ஹம் லோக்' வந்த காலத்தில் அத்தை சென்னையில் எங்களோடு இருந்தாள். சென்னையில் டெலிவிஷன் வந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது மாதம். அத்தைக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் இரவு தவறாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்ல வேண்டும். எனக்கும் ஹிந்தி அரைகுறைதான். பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்தது. முறுக்குக்குப் பதில் காப்பி.

ஒரு நாள் பஸேஸர் ராம் குடித்துவிட்டு வந்து சத்தம் போட, பாக்வந்தி தலையைக் குனிந்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை, "எவ்வளவு பொறுமை பார்த்தாயா! தங்கமான பெண்" என்றாள்.

நான் விடவில்லை. "அத்தை, அப்படி நினைக்கக் கூடாது. அவளைப் போல இருக்கக் கூடாது என்பதற்காகவே அவளைக் கதையில் வைத்திருக்கிறார்கள்" என்று கொஞ்சம் பிரசங்கம் செய்தேன்.

அத்தை திரும்பி, கிணற்றடியிலிருந்து வந்த அன்று பார்த்தாளே, அதே பார்வை பார்த்தாள்.

"அப்படியென்று யார் சொன்னது? அவள் சொன்னாளா, நீ சொல்கிறாயா?"

"கதையே அப்படித்தான், அத்தை."

"படகிலிருந்து விழுந்தவள் செத்துப்போனாள் என்றுகூட நீதானேடா சொன்னே?"

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அத்தை என்னைக் கூப்பிடவும் இல்லை. கீழ் வீட்டில் பிராத்மிக் பரீட்சைக்கு ஹிந்தி படித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு முறுக்குக் கொடுத்தாள்.